பூச்சியாக்கியது யார்?

(கோட்டுச்சேரிமேட்டில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில், அவர்கள் நடத்தவிருக்கும் நாடகத்தைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



ஜாதி ஒழிப்பைப் பற்றியோ, சடங்கில்லாத திருமணத்தைப் பற்றியோ பேசச் சொல்லியிருந்தால் நமக்கு வேலை சுலபமாயிருந்திருக்கும். ஆனால் இவ்வூர் வாலிபர்கள் நம்மை அப்படி விட்டுவிடவில்லை. அவர்கள் ஒரு நாடகம் நடத்தப் போகிறார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கதையோ, ஒரு மனிதன் காலையில் கண் விழித்தபோது பெரிய பூச்சியாய் மாறிக் கிடந்தான் என்ற கதை. அதுவும் பூச்சி வேஷம் இல்லாமல், திரை இல்லாமல், வசனத்தைக் குறைத்து, உடம்பைக் கொண்டே நடிக்கப் போகிறார்களாம். இதைக் கேட்டு நம் இயக்கப் பெரியவர்களே இரண்டு ஆட்சேபனைகள் சொன்னார்கள்.

முதலாவது, "மனிதன் பூச்சியாவது நடக்கிற காரியமா? அகலிகை கல்லானாள் என்பதை மறுத்துவிட்டு, கிரிகோர் பூச்சியானான் என்று நாமே காட்டலாமா?" என்பது. இரண்டாவது, "வேஷமும் வசனமும் இல்லாத நாடகம் நம் ஜனங்களுக்குப் புரியுமா?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த நாம், நம்மைக் கேட்கும்போது மட்டும் கோபித்துக்கொள்ளலாமா? ஆகவே, நமக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

நாம் படித்த பண்டிதரல்ல. அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் பையனாக இருந்து, கோத்த எழுத்தைப் படித்துப் படித்துத்தான் நாலு விஷயம் தெரிந்துகொண்டோம். இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை வாசித்து முடிக்க நமக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆகையால் பிழை இருந்தால் திருத்துங்கள்.

கதையும் கதைக்காரரும்

கதையின் பெயர் உருமாற்றம். எழுதியவர் ஃபிரான்ஸ் காஃப்கா என்பவர். 1883-இல் பிராக் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இக்கதையை 1912-இல் எழுதினார், 1915-இல் அச்சாயிற்று. 1924-இல் காச நோயால் இறந்துபோனார். இவருடைய விசாரணை என்ற நாவல் ஜெர்மன் பாஷையிலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்திருக்கிறது.

இவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு ஜீவித்தவரல்ல. 1908 முதல் 1922 வரை, தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போனவர்கள், கை போனவர்கள் ஆகியோருடைய காகிதங்களெல்லாம் அவர் மேஜைக்கு வரும். அந்த இயந்திரத்தின் தண்டு சதுரமாயிருப்பதால்தான் விரல் போகிறது, அதை உருண்டையாக்கினால் பிழைக்கும் என்று படம் போட்டு அறிக்கை எழுதினவர் அவர். ஒரு மனிதனுக்கு வேலை செய்யும் சக்தி போய்விட்டால் முதலாளி அவனை எப்படிப் பார்க்கிறான், வீட்டார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தினந்தோறும் பார்த்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

கிரிகோர் சாம்சா என்பவன் ஊர் ஊராய்ச் சென்று துணி விற்கும் குமாஸ்தா. தகப்பனார் பட்ட கடனுக்காக அதே முதலாளியிடம் உழைக்கிறான். வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவனே. ஒரு நாள் காலை விழிக்கிறான். உடம்பு பூச்சியாய் இருக்கிறது. அப்போது அவனுக்கு வந்த கவலை என்ன தெரியுமா? "ஐயோ, நாம் இப்படியாகிவிட்டோமே" என்பதைவிட, "5 மணி ரயில் போய்விட்டதே, முதலாளி என்ன சொல்லுவார்?" என்பதுதான்! அரைநாள்கூடப் பொறுக்கவில்லை. வேலைக்கு வராதவனைத் தேடிக்கொண்டு கம்பெனியின் பெரிய குமாஸ்தா காலையிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான்.

பிறகு கதவு சாத்தப்படுகிறது. 17 வயதுத் தங்கை கிரெட்டே மாத்திரம் முதலில் சோறு வைக்கிறாள். தகப்பனார் ஒரு நாள் ஆப்பிள் பழத்தை எடுத்து வீச, அது முதுகில் புதைந்து அழுகிப் புண்ணாகிறது. வருமானத்திற்காக வீட்டில் மூன்று பேரைக் குடிவைக்கிறார்கள். கடைசியில், அன்போடு சோறு வைத்த அதே தங்கை, இதை எப்படியாவது ஒழித்துவிட வேண்டும் என்கிறாள். அன்றிரவே அவன் இறந்துபோகிறான். வேலைக்காரி பெருக்கித் தள்ளுகிறாள். வீட்டார் மூவரும் நிம்மதியாய் மூச்சு விட்டு, டிராம் வண்டியேறி உல்லாசமாய் வெளியே போகிறார்கள். இதுதான் கதை.

கற்பனை வேறு, புளுகு வேறு

இனி முதல் ஆட்சேபனைக்கு வருவோம். மனிதன் பூச்சியாக மாட்டான் என்பது காஃப்காவுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். பார்க்கப் போகிற உங்களுக்கும் தெரியும். இதிலே ஏமாறுகிறவன் எவன்? நரி பேசிற்று, காக்கை பாடிற்று என்று குழந்தைக்குக் கதை சொல்லுகிறோம். அதற்காக நரிக்குக் கோயில் கட்டி உண்டியல் வைக்கிறோமா? கதையைக் கதையென்று சொல்லிக் காட்டுவது கற்பனை. கதையை நடந்த சங்கதியென்று சொல்லித் தட்டு நீட்டுவது புளுகு. பகுத்தறிவுக்காரன் சண்டை போடுவது தட்டோடுதான், கற்பனையோடு அல்ல.

இன்னும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அதை இந்தக் காரைக்கால் மண்ணிலிருந்தே சொல்லுகிறோம். உருமாறின கதை உங்கள் ஊருக்குப் புதிதா? ஆனி மாதம் மாங்கனித் திருநாளில் மாம்பழம் வாரி இறைக்கிறீர்களே, அது யாருக்காக? புனிதவதி என்ற பெண்ணுக்காக. பெரிய புராணத்தில் அவள் கதை என்ன? புருஷன் கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டில் ஒன்றை அடியார் ஒருவருக்கு இட்டாள். பிறகு வேண்டியபோது கையில் மாம்பழம் வந்தது. அதைக் கண்டு புருஷன் பயந்தான். கப்பலேறிப் போனான், வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிறகு சொந்தக்காரர் அவளைக் கொண்டுபோய் விட்டபோது, அவள் காலில் விழுந்து, இவள் மனுஷியல்ல, தெய்வம் என்றான். உடனே அவள், இந்தச் சதையும் அழகும் எனக்கு வேண்டாம் என்று வேண்டிப் பேய் உருவம் பெற்றாள் என்பது புராணம்.

அந்த அம்மையார் பேரில் வழங்கும் தமிழ்ப் பாட்டுகளைப் பற்றி நமக்கு ஒரு சண்டையும் இல்லை. நாம் கேட்பது வேறு. ஒரு பெண்ணைப் புருஷன் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறான். அவன் மறுபடி கலியாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம், வியாபாரம் செய்யலாம். அவளோ, தன்னந்தனியே ஊர்வழி நடக்க வேண்டுமானால்கூட உடம்பை உதறிப் பேயாக வேண்டும்! இதுவல்லவா அந்தக் கதைக்குள் இருக்கும் சங்கதி? ஆனால் புராணம் நம்மை அதைப் பார்க்க விடுவதில்லை. "வரம்" என்று ஒரு வார்த்தை சொல்லி மூடிவிடுகிறது. அகலிகை கதையில் "சாபம்" என்ற வார்த்தை மூடிவிடுகிறது. வரமும் சாபமும் வந்துவிட்டால் புருஷன்மீது குற்றமில்லை, ஊர்மீது குற்றமில்லை, எல்லாம் மேலே இருப்பவன் காரியம் என்றாகிவிடும்.

காஃப்காவின் கதையில் வரமும் இல்லை, சாபமும் இல்லை, முன்ஜென்ம வினையும் இல்லை. ஏன் பூச்சியானான் என்பதற்குக் கதையில் ஒரு வரி காரணம்கூடக் கிடையாது. காரணத்தை எடுத்துவிட்டதால் என்ன ஆகிறது? பார்க்கிறவன் கண் ஆகாயத்தைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்கிறது. யார் கதவைச் சாத்தினார்கள், யார் பழத்தை வீசினார்கள், யார் பெருக்கித் தள்ளினார்கள் என்று பார்க்கிறது. ஆகவே, இதைப் புராணத்தோடு சேர்ப்பது தவறு. புராணத்தின் பூட்டைத் திறக்கும் சாவி என்றுதான் நாம் இதைச் சொல்லுவோம்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26 காலை இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சுமத்திரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமித் தட்டு பிசகினதால் வந்த அலை அது. அதற்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. ஆனால் யார் செய்த பாவம் என்று பேசினவர்கள் இருந்தார்கள் அல்லவா? பாவக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தப்பிப் பிழைத்தவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்ற கணக்கை யார் பார்த்தார்கள்? அந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்லுவதுதான் இந்தக் கதை.

ரத்தக் கண்ணீரைப் பார்த்தவர்களுக்கு

இவ்விடத்தில் நம் இயக்கத்து நாடகம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். திருவாரூர் கே. தங்கராசு எழுதி, நடிகவேள் எம்.ஆர். ராதா நடித்த ரத்தக் கண்ணீர். 1954-இல் சினிமாவாகவும் வந்தது. சீமையில் படித்துவிட்டு வந்த மோகனசுந்தரம் தொழுநோய் கண்டு, உறவினராலும் தாசியாலும் துரத்தப்படுகிறான். ராதா கையை மடக்கிக்கொண்டு, குரலை உடைத்துக்கொண்டு, காலை இழுத்து நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் செய்து காட்டுகிறார்கள். ஆகவே, உடம்பைக் கொண்டு நடிப்பது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால், அந்த நாடகத்தின்மீது நமக்குள்ள மரியாதையோடு ஒன்று சொல்லுகிறோம். அதிலே மோகனசுந்தரம் ஆடின ஆட்டத்துக்குப் பலனாக வியாதி வந்தது போலக் கதை போகிறது. "செய்தான், பட்டான்" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் எழுந்து போகலாம். தொழுநோயோ ஒரு கிருமியால் வருவது. ஹான்சன் என்ற நார்வே தேச வைத்தியர் 1873-லேயே அதைக் கண்டுபிடித்தார். ஒழுக்கம் கெட்டவனுக்கும் வரும், உத்தமனுக்கும் வரும். மருந்து சாப்பிட்டால் குணமாகும். காஃப்காவின் கதையில் கிரிகோர் ஒரு குற்றமும் செய்யாதவன். குடும்பத்துக்காக உழைத்ததைத் தவிர வேறொன்றும் அறியாதவன். "செய்தான், பட்டான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அங்கே வழியில்லை. நம் நாடகம் அடுத்தபடி ஏற வேண்டிய படி இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

வேஷம் ஏன் வேண்டாம்?

இனி இரண்டாவது ஆட்சேபனை. 1915-இல் இக்கதை புஸ்தகமாக வரப்போகும்போது, அட்டையில் பூச்சியைப் படம் போட்டுவிடுவார்களோ என்று காஃப்கா பயந்தார். பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில்கூடக் காட்டக் கூடாது என்று புஸ்தகம் போடுகிறவருக்குக் கடிதம் எழுதினார். ஆகவே அட்டையில், ஒரு மனிதன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நிற்பதும், அவனுக்குப் பின்னால் கதவு திறந்து இருட்டாயிருப்பதும் மட்டும்தான் வந்தது. ஏன் அப்படிச் சொன்னார்? பூச்சியை வரைந்துவிட்டால், "இது பூச்சி, ஆகவே ஒதுக்கினார்கள், நியாயந்தானே" என்று வாசிக்கிறவன் எண்ணிவிடுவான். வரையாவிட்டால்தான், "இவன் மனிதனாயிற்றே!" என்ற எண்ணம் கடைசி வரையில் உறுத்திக்கொண்டிருக்கும்.

இதை மேடையில் சரியாகப் புரிந்துகொண்டவர் ஸ்டீவன் பெர்காஃப் என்ற இங்கிலீஷ் நடிகர். பாரிசு நகரத்தில் ஜாக் லெக்கோக் என்பவர் நடத்திய பள்ளியில் உடம்பால் நடிக்கக் கற்றவர். 1969-இல் லண்டன் ரவுண்ட் ஹவுஸ் அரங்கில் இக்கதையை நாடகமாக்கித் தாமே கிரிகோராக நடித்தார். பூச்சி வேஷம் கிடையாது. கொம்பு, இறக்கை, ஓடு ஒன்றும் கிடையாது. இரும்புக் குழாய்ச் சாரம் ஒன்று, குடும்பத்தார் உட்கார முக்காலிகள், அவ்வளவே. அவர் அந்தச் சாரத்தில் ஏறுவார், தொங்குவார், ஊருவார். பார்க்கிறவன் கண்ணுக்கு முன்னே இருப்பது மனித உடம்பு. மனதிலே தெரிவது பூச்சி.

அதன் பிறகு உலகத்தில் பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். 1989-இல் நியூயார்க்கில், மிகயீல் பாரிஷ்னிக்காவ் என்ற பேர்பெற்ற நடனக்காரர் பெர்காஃப் நாடகத்தில் கிரிகோராக நடித்தார். 2006-இல் ஐஸ்லாந்து தேசத்து வெஸ்டர்போர்ட் என்ற குழு லண்டனில் நடத்தியபோது, கீழ்வீட்டைச் சாதாரண வீடாகவும், மேலறையை மட்டும் பக்கவாட்டில் சாய்ந்த அறையாகவும் கட்டினார்கள். சட்டை போட்ட மனிதன் சுவரில் ஏறினான். 2011-இல் லண்டனில் ஆர்தர் பீட்டா இதை வார்த்தை மிகக் குறைந்த நடனமாகவே அமைத்தார். எட்வர்ட் வாட்சன் என்பவர் கை கால் விரல் ஒவ்வொன்றையும் முறுக்கிக்கொண்டு ஆடினார்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பார்த்தான், நம் ஆள் பார்ப்பானா?" என்று கேட்பீர்கள். தோழர்களே, பாரிசில் அரியான் முனுஷ்கின் என்ற அம்மையார் நடத்தும் நாடகக் குழுவார் 2016-இல் ஒரு நாடகம் போட்டார்கள். அதற்காக அவர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள்? புரிசை கிராமத்துத் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன் அவர்களிடம்! 1954 வரையில் இந்தக் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டிலிருந்து, நம் ஊர்க் கூத்தாடியிடம் அடவு கற்க வந்தார்கள். விடிய விடிய வெறுந்தரையில் கூத்துப் பார்த்த ஜனங்களுக்கு, ஒரு கை அசைவைப் பார்த்து மலையென்றும் ஆறென்றும் தெரிந்துகொண்ட ஜனங்களுக்கு, உடம்பு பேசினால் புரியாது என்று சொல்லுவது அவர்களை அவமதிப்பதாகும்.

இங்கே எப்படிச் செய்யலாம்?

வாலிபர்கள் நம்மிடம் யோசனை கேட்டதால் சொல்லுகிறோம். இரும்புக் குழாய் வேண்டாம். சவுக்குக் கழியால் சாரம் கட்டுங்கள். அறைச் சுவருக்குப் பழைய வலையைத் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பவன் நமக்குத் தெரிவான், ஆனால் வெளியே வர முடியாது. படகை மணலில் தள்ளும்போதும் வலையை இழுக்கும்போதும் இருபது பேர் ஒரே மூச்சாய் மூச்சு விடுகிறீர்களே, இந்த நாடகத்துக்கு வேண்டிய முதல் பயிற்சி அதுதான். அதைப் பட்டணத்துப் பிள்ளைகள் மாதக்கணக்காய்க் கற்க வேண்டும். உங்களுக்குத் தொழிலிலேயே வந்திருக்கிறது.

மற்றொன்று மிக முக்கியம். கிரிகோராக நடிப்பவர் ஒருவரே உருமாறுகிறார் என்று நினைக்காதீர்கள். கதையை நன்றாகப் படித்துப் பாருங்கள். மகன் சம்பாதித்த வரையில் தகப்பனார் கூனிக் குறுகிச் சாய்வு நாற்காலியில் கிடந்தவர். மகன் விழுந்ததும், பொன்னிறப் பொத்தான் வைத்த பாங்கி சேவகர் உடுப்பு மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். ஒன்றுக்கும் உதவாத பெண் என்று பேர் வாங்கியிருந்த தங்கை, வேலைக்குப் போய், வளர்ந்து, கடைசியில் டிராம் வண்டியில் எழுந்து சோம்பல் முறிக்கிறாள். மகன் தட்டையாகத் தட்டையாக மற்றவர்கள் நிமிருகிறார்கள். ஆகவே தகப்பனார், தாயார், தங்கை மூவரும் முதல் காட்சியில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கடைசிக் காட்சியில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளந்து பழகுங்கள். இதற்கு ஒரு வசனமும் வேண்டாம். ஒருவன் முதுகின்மேல் நிமிருகிற குடும்பம், ஒருவன் முதுகின்மேல் நிமிருகிற ஜாதி, ஒருவன் முதுகின்மேல் நிமிருகிற முதலாளி எல்லாம் கண்ணுக்கு முன்னே தெரிந்துவிடும்.

தங்கை வேஷத்துக்குப் பெண்ணே நடிக்க வேண்டும். ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டி ஒப்பேற்ற வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்றால், ஊர் சொல்லுவதைக் கேட்பதற்கா நாடகம் போடுகிறோம்?

கதையில் அந்தப் பூச்சியைக் குறிக்கப் போட்டிருக்கும் ஜெர்மன் வார்த்தை, பழங்காலத்தில் பலியிடத் தகாத அசுத்தப் பிராணி என்ற பொருளில் வந்தது என்று பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதாவது நம் பாஷையில் தீட்டு! தீட்டென்று ஒருவனைச் சொல்லிப் பழகிவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு உலகச் சரித்திரம் சாக்ஷி. காஃப்கா இறந்து சில வருஷங்களில் ஹிட்லர் கூட்டத்தார் யூதர்களைப் பூச்சி, புழு, பேன் என்று பிரசாரம் செய்தார்கள். பிறகு பூச்சியைக் கொல்லுவது போலவே கொன்றார்கள். காஃப்காவின் சகோதரிகள் மூவரும் அதில் மாண்டார்கள். முதலில் வார்த்தை, பிறகு கதவு, பிறகு துடைப்பம். நம் சேரிகளும் இதே வரிசையில் உண்டானவை அல்லவா?

நம் வீட்டுக் கதவு

தோழர்களே! ஊராரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம்மைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது யோக்கியமாகாது.

நமது தகப்பனார் நெல் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு பொதுக்கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தவர் அவரே. ஒரு நாள் காலையில் பக்கவாதம் கண்டு, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போயிற்று. மூன்று வருஷம் கிடந்தார். முதல் மாதம் வீடு நிறைய ஆள். ஆறாம் மாதம் வாசலோடு விசாரித்துப் போனார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு, வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால், நாமே எழுந்து போய் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவோம். நாற்றம் வெளியே வருமே என்று! "அவரை" என்று சொன்ன வாய், "அதுக்குச் சாப்பாடு ஆயிற்றா?" என்று ஒரு நாள் கேட்டது. கேட்டது நம் வாய்தான்.

அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டவள் நம் தங்கை ஒருத்தி. ஒரு நாள் நாம் மனிதத்தன்மை என்பதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு மாலையோடு வீட்டுக்கு வந்தோம். அவள் கேட்டாள்: "ஏண்ணே, மனுஷன மனுஷனா நடத்தணும்னு ஊரெல்லாம் சொல்லுறியே, அப்பாவுக்கு ஒரு நாளாவது கால் அலம்பி விட்டியா?" நாம் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே சொல்லுவதற்கு? அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். இறந்த அன்று நமக்கு வந்தது துக்கமா, நிம்மதியா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல நமக்கு இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது. சில வருஷம் கழித்து இந்தக் கதையைப் படித்து, அந்த டிராம் வண்டிக் கட்டத்துக்கு வந்தபோது, புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

ஆகவே, கிரெட்டேயைத் திட்டுவது சுலபம் என்று நமக்குத் தெரியும். நாமும் முதலில் திட்டினவர்தான். தகப்பன், தாய், முதலாளி எல்லோரும் விலகிக்கொண்டு, முழுப் பாரத்தையும் ஒரு பதினேழு வயதுப் பெண் தலையில் போட்டார்கள். அவள் களைத்துப்போய் முடியாது என்றதும், கொன்றவள் அவள் என்கிறோம். நோயாளியையும் பெண்ணையும் ஒரே அறையில் பூட்டிவிட்டு, அதற்கு அன்பு என்று பேர் வைப்பது ஆண்களுக்குச் சௌகரியமான ஏற்பாடு.

இவ்வூரிலும் பாருங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், நேற்று வரையில் மாலையும் பூவுமாய் முன்னே நின்ற பெண், மறுநாள் காலையில் விழிக்கும்போது அபசகுனமாகி இருக்கிறாள். எதிரே வரக் கூடாது, மணப்பந்தலில் நிற்கக் கூடாது, தட்டைத் தொடக் கூடாது. அவள் உடம்பில் என்ன மாறிற்று? ஒரு மயிராவது மாறிற்றா? மாறினது நம் கண் அல்லவா? இதுதான் நம் நாட்டு உருமாற்றம். இதற்குக் காஃப்கா வேண்டியதில்லை, தினந்தோறும் நடக்கிறது. விரல் போன தொழிலாளி, கால் போன மீன்காரர், பேச்சுப் போன கிழவர், புருஷன் போன பெண் ஆகியோர் ஒருவரும் தாமாகப் பூச்சியாகவில்லை. சுற்றி நிற்கிற நாம் பின்வாங்குகிற ஒவ்வோர் அடியும்தான் அவர்களைப் பூச்சியாக்குகிறது.

ஆகையால் வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகம் முடிந்ததும், கிரிகோராக நடித்தவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து நிற்கட்டும். ஜனங்களுக்குள் இறங்கி வந்து, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும். மந்திரம் ஒன்றும் இல்லை, இவர் முதலிலிருந்தே மனிதர்தான் என்று எல்லோரும் பார்க்கட்டும். மற்றொரு வேண்டுகோள், பார்க்க வருகிற உங்களுக்கு. வீட்டிலே சாத்தின கதவு ஏதாவது இருந்தால், அன்றிரவு போய்த் திறவுங்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். நமது தகப்பனாரை நாம் ஒரு நாள்கூட அப்படித் தூக்கி வரவில்லை.

நாம் சொன்னதையெல்லாம் நம்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கதையைப் படியுங்கள், நாடகத்தைப் பாருங்கள், உங்கள் வீட்டையும் பாருங்கள். மூன்றையும் சேர்த்து உங்கள் சொந்த அறிவால் யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். தப்பென்று பட்டால் நாளைக்கே கூட்டம் கூட்டி நம்மைக் கண்டியுங்கள், வந்து கேட்டுக்கொள்ளுகிறோம்.